உப்பளத்து வீட்டு அச்சு

போன டிசம்பரில் நியூஜெர்சியிலிருந்து மகள் கூப்பிட்டாள். தோழிகள் ஏழு பேர் சேர்ந்து 'குக்கி எக்ஸ்சேஞ்ச்' வைக்கிறார்களாம், இந்த முறை அவள் வீட்டில். ஒவ்வொருத்தியும் ஒரே வகையில் ஆறு டஜன் சுட்டுக்கொண்டு வரவேண்டும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, காப்பி குடித்து, பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்பும்போது மற்ற ஆறு பேர் தட்டிலிருந்தும் ஒவ்வொரு டஜன் எடுத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டு போகவேண்டியது. ஒன்றே ஒன்று சுட்டவள் வீட்டுக்கு ஆறு வகை வந்து சேரும்.

"நல்லாருக்குல்லம்மா இந்த ஐடியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நீ அச்சுமுறுக்கு சுடு" என்றேன்.

"அச்சு?"

"இங்க ஒண்ணு இருக்கு. ஆனா அதைக் கொடுத்தனுப்ப முடியாது."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஆன்லைனில் ஒன்று வாங்கிவிட்டாள்.

தூத்துக்குடியில் நாங்கள் இருந்தது ஒரு வளவு. ஒரே தலைவாசல், நடுவில் முற்றம், இரண்டு பக்கமும் மும்மூன்று வீடு, கோடியில் ஒரு கிணறு. கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். பாத்திரம் துலக்கத்தான் ஆகும். மூன்று வீடு வேதக்காரர்கள், இரண்டு வீடு நாங்கள், ஒரு வீட்டில் காயல்பட்டினத்துப் பெரியம்மா. 1980களின் தொடக்கம். எனக்குப் பத்து வயதிருக்கும்.

டிசம்பர் பிறந்தால் முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து பேசிமுடிப்பார்கள், யார் வீட்டில் என்ன பலகாரம் என்று. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். சீனி ரேஷன் கார்டில் வாங்கியது, எண்ணெய் அளந்து வாங்கியது. ஆறு வகையும் ஆறு வீட்டிலும் சுட்டால் யாருக்கும் கட்டுப்படியாகாது. டீச்சர் அத்தை வீட்டில் கேக். மாவைக் கலந்து தட்டில் ஊற்றி, துண்டுச் சீட்டில் பெயர் எழுதிவைத்து, பேக்கரிக்குக் கொடுத்தனுப்பி வேகவைத்து வாங்குவார்கள். ஒரு வருஷம் சீட்டு மாறி எவர் வீட்டுக் கேக்கோ வந்தது. எங்கள் கேக்கைவிட அதில் முந்திரிப்பருப்பு கூட இருந்ததால் யாரும் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. மூலை வீட்டு ஆச்சி கல்கல் போடுவார். காயல்பட்டினத்துப் பெரியம்மா ரவையும் முட்டையும் நெய்யும் சீனியும் அடித்து, மேலும் கீழும் கனல் வைத்துத் தம்மடை செய்வார். எதிர் வீட்டில் அதிரசம். அம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம் பிறந்த வீடு. அதனால் எங்களுக்கு முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே வறுத்த பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும் எள்ளும். மும்மூன்று உருண்டையாக ஒட்டி மாவில் முக்கிப் போட்டால் கொடிமுந்திரிக் குலைபோல வரும்.

கல்கல்லுக்குப் பிள்ளைகள் தேவை. கொட்டைப்பாக்கு அளவு மாவை எடுத்து, புதுச் சீப்பின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சிப்பி விழும். வேலை முடிந்ததும் சீப்பைக் கழுவி, நன்றாகச் சுருட்டின பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார் ஆச்சி. கிறிஸ்மஸ் அன்று காலையில் அந்தச் சீப்பால் தலை சீவினால் தேங்காய்ப்பால் வாசம் அடிக்கும். எனக்கு இரண்டு வருஷம் கிடைத்தது.

அச்சுமுறுக்கு உப்பளத்து அத்தை வீட்டுக்கு. ஏனென்றால் வளவிலேயே அச்சு அவர்களிடம் மட்டும்தான் இருந்தது. எட்டு இதழ் பூ, நீளக் கம்பி, மரப்பிடி. அத்தையின் மாமியார் காலத்தது. எப்போதோ கீழே விழுந்து ஓர் இதழின் நுனி உடைந்திருந்தது. அதனால் அதில் சுட்ட ஒவ்வொரு முறுக்கிலும் ஓர் இதழ் மூளியாக இருக்கும். எந்தத் தெருவில் எந்தத் தட்டில் கண்டாலும் 'இது நம்ம வளவு முறுக்கு' என்று சொல்லிவிடலாம்.

அத்தை முறுக்கு சுடும் ராத்திரி ஆறு வீடும் முற்றத்தில் இருக்கும். ஊறவைத்து நிழலில் உலர்த்தி அரைத்த பச்சரிசி மாவு, முதல் தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ஒரு கை எள். அச்சு முதலில் எண்ணெயிலேயே கிடந்து காயவேண்டும். எடுத்து உதறி மாவில் முக்கால்வாசி மட்டும் முக்குவார். மேல்விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் பூட்டிக்கொள்ளும், முறுக்கு கழலாது. காயாத அச்சில் மாவு பிடிக்காது. அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் பிடிக்காது. எவ்வளவு காயவேண்டும் என்பதை மாவைத் தொட்டதும் எழும் 'சொய்'யென்ற சத்தத்தை வைத்தே அத்தை கண்டுபிடிப்பார். எண்ணெயில் இறக்கி, மனதுக்குள் எதையோ எண்ணி, கம்பியை லேசாக ஓர் ஆட்டு ஆட்டினால் பூ கழன்று தனியாக மிதக்கும். முதல் இரண்டு மூன்று எப்போதும் பிய்ந்துதான் வரும். அவை பிள்ளைகளுக்கு. நாங்கள் காத்திருந்ததே அதற்குத்தான்.

இந்தப் பலகாரம் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று பின்னாளில் தேடிப் படித்திருக்கிறேன். 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். கடைசியாக 1825இல்தான் ஆங்கிலேயரிடம் விட்டுக் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் இருந்த இலங்கையில் இதே அச்சுப் பலகாரத்துக்குக் கொக்கிஸ் என்று பெயர். சின்னக் கேக் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நியூயார்க் பக்கம் குடியேறிய டச்சுக்காரர்கள் வாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன குக்கியும் அதே சொல்தான். மகள் தன் பார்ட்டிக்கு வேற்றுப் பண்டம் எதையும் சுடவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

உப்பளத்து அத்தைக்கு டிசம்பர் கையில் காசில்லாத மாதம். மழை விழுந்தால் பாத்தி கரைந்துவிடும், உப்பு வாருகிற வேலை நின்றுவிடும். ஐப்பசியில் மழை பிடித்தால் தை கழிந்து வெயில் ஏறுகிற வரை மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கிறிஸ்மஸ் சரியாக அதற்குள் வரும். கையில் நாலு காசு புழங்குகிற பங்குனி சித்திரையில் பண்டிகை வரக்கூடாதா என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்வார். ஆக, அச்சுமுறுக்குக்கு அரிசி டீச்சர் அத்தை வீட்டிலிருந்து வரும். தேங்காய் எங்கள் வீட்டிலிருந்து. எண்ணெயை எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றுவார்கள். "அச்சு உங்களது, சாமான் எங்களது, கணக்கு சரியாப்போச்சு மைனி" என்பாள் அம்மா. பங்கு வைக்கும்போது அத்தை வீட்டுக்கும் மற்ற வீடுகளைப்போலவே எண்ணி வைப்பார்கள், ஒன்று குறையாது.

எனக்கு இது புரியாத வயது. ஒருநாள் கடைத்தெருவில் பாத்திரக்கடை வாசலில் அச்சுகள் தொங்கக் கண்டு, "நாமளும் ஒண்ணு வாங்கலாம்மா, இதழ் உடையாததா" என்றேன். அம்மா விலைகூடக் கேட்கவில்லை. வீடு வந்து சேர்ந்தபிறகு சொன்னாள்: "நாம அச்சு வாங்கிட்டா அவ எதைக் கொண்டுக்கிட்டு நம்ம வீட்டுப் படி ஏறுவா?"

வளவில் மற்ற நாலு வீட்டுக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். யாருமே அச்சு வாங்கவில்லை.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம், நடுச்சாமப் பூசைக்குக் கிளம்புமுன், தட்டுகள் நடமாடத் தொடங்கும். பின்னல் துணி மூடிய தட்டு எங்கள் வீட்டுக்குள் வரும்போது ஐந்து வீட்டுக் கை அதில் இருக்கும். தட்டை வெறுமனே திருப்பக்கூடாது. ஒன்றுமில்லையென்றால் ஒரு கரண்டி சீனியாவது போட்டுக் கொடுக்கவேண்டும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் இதே தட்டுகள் வேறு திசையில் போகும்.

நான் காலேஜில் சேர்ந்த வருஷத்துக் கிறிஸ்மஸ்தான் கடைசி. பண்டிகை முடிந்து அச்சு எங்கள் அடுப்படியில் கிடந்தது. மாமாவுக்கு வேதாரண்யம் உப்பளத்தில் வேலை கிடைத்து, பொங்கலுக்கு முன்பே சாமானை ஏற்றினார்கள். அம்மா அச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். அத்தை வாங்கவில்லை. "இருக்கட்டும் மைனி, அடுத்த டிசம்பர் வந்து வாங்கிக்கிடுதேன். சுட ஆள் வேண்டாமா?" என்றார்.

அடுத்த டிசம்பர் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு வளவே விலைபோய், ஆளுக்கொரு திசை போனோம். அந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டிடம். வேதாரண்யத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள் அம்மா, பதில் இல்லை. ஒவ்வொரு டிசம்பரும் அச்சை எடுத்து, உப்புக்காற்றில் துரு ஏறாமல் நல்லெண்ணெய் தடவி, பழைய வேட்டித்துணியில் சுற்றித் திரும்ப வைப்பாள். ஒருமுறைகூட அதில் முறுக்கு சுட்டதில்லை. புது அச்சும் வாங்கியதில்லை. தேவைப்பட்டால் கடையில் முறுக்கு வாங்கிக்கொள்வோம். "அவ இல்லாம அவ அச்சை எடுக்கப்படாது" என்பாள்.

மகள் படம் அனுப்பியிருந்தாள். ஏழு தட்டுகளுக்கு நடுவே அவளுடைய முறுக்கு. பொன்னிறமாக, எட்டு இதழும் முழுசாக. முதலில் தீர்ந்தது அதுதானாம். நன்றாகச் சுட்டிருக்கிறாய் என்று பதில் போட்டேன்.

அம்மா போனபின் அந்தத் துணிப்பொதி என்னிடம் வந்தது. டிசம்பர் பிறந்ததும் எண்ணெய் தடவி வைக்கிறேன். அது எங்கள் அச்சு இல்லை.