ஃபில்டருக்கு அந்தப் பக்கம் ஒரு நட்டு

விமானத்தை வீட்டிலேயே கட்ட முடியுமா? அமெரிக்காவில் கட்டுகிறார்கள். கார் நிறுத்தும் ஷெட்டில், சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து, பல வருடங்கள் செலவழித்து ஒரு சின்ன விமானத்தை உருவாக்கி, அதில் ஏறிப் பறந்தும் விடுகிறார்கள். வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வகை கிட்களில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை பறந்திருக்கின்றன.

இறக்கை, வால் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் பெட்டியோ பெரும்பாலும் கடைசியில் செய்யப்படுவது. பறக்கும் ஆசை தலைக்கேறி, கை அவசரப்படும் நேரம் அது! அந்தப் பெட்டியில் ஒரு நட்டு கழன்றால் என்ன ஆகும்? ('மரை கழண்ட கேஸ்' என்று நாம் சொல்வது வேறு. இங்கே நிஜமான மரை.)

காற்று முதலில் ஃபில்டர் வழியாக உள்ளே வருகிறது. பிறகு ஏர்பாக்ஸ் எனும் பெட்டி, கார்புரேட்டர், அதற்குள் த்ராட்டில் தகடு, அப்புறம் குழாய்கள், வால்வு, சிலிண்டர். வெளியிலிருந்து வரும் கல்லையும் பூச்சியையும் ஃபில்டர் தடுத்துவிடும். ஆனால் ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்க்ரூவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே எந்தக் காவலும் இல்லை. கார்புரேட்டரில் பனி கட்டாமல் இருக்கச் சூடான காற்றைத் திருப்பிவிடும் சின்னக் கதவு ஒன்று பல விமானங்களில் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கதவு என்றால் கீல், கீல் என்றால் போல்ட்.

கனமான நட்டு பெட்டியின் அடியிலேயே கிடந்துவிடலாம். சின்ன வாஷரோ ரிவெட் துண்டோ காற்றோடு போகக்கூடும். த்ராட்டில் தகட்டில் சிக்கினால் விமானி லீவரை அசைக்க முடியாது. அதையும் தாண்டி சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் அதை மேலே தூக்கி நசுக்கும், வால்வு வளையும், ஸ்பார்க் ப்ளக் முனை மூடிக்கொள்ளும். இருப்பது ஒரே எஞ்சின். தரையை விட்டு முந்நூறு அடி ஏறி, எதிரே மரங்கள் மட்டும் தெரியும்போது இது நடந்தால் யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

சரி, இறுக்கமாக முடுக்கிய நட்டு ஏன் கழல்கிறது? இத்தகைய விமானங்களில் பரவலாக இருக்கும் லைகமிங் ஓ-360 எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர், நிமிடத்துக்கு 2700 சுற்று. அதாவது வினாடிக்கு 90 வெடிப்பு. 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர், இணைத்த இரண்டு பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கி வழுக்கி அசைவதுதான் மரையைக் கழற்றும் முக்கியக் காரணம் என்று காட்டினார். எல்லோரும் நம்பிப் போடும் ஸ்ப்ரிங் வாஷர் பூட்டுவதற்குப் பயன்படாது என்று நாசாவின் 1990-ஆம் ஆண்டுக் கையேடே எழுதிவிட்டது. ஃபைபர் பெட்டியில் சிக்கல் இன்னும் அதிகம். அழுத்தத்தில் ரெசின் மெல்ல அமுங்கிப்போகும், இறுக்கமும் கூடவே போய்விடும்.

பூட்டுவதற்கு வழிகள் பல உண்டு. நைலான் வளையம் வைத்த நட்டு 121 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் குழாய் போகும் இடத்தில் முழு உலோகப் பூட்டு நட்டுதான் சரி. நைலான் நட்டு கையாலேயே சுற்றுகிறது என்றால் யோசிக்காமல் தூக்கி எறிய வேண்டும். கீல் போலத் திரும்பும் இடத்தில் இந்த வகைகள் எதுவும் ஆகாது, அங்கே பள்ளம் வெட்டிய நட்டும் காட்டர் பின்னும் வேண்டும். தலையில் துளையிட்ட போல்ட் என்றால் சேஃப்டி ஒயர் கட்டலாம். அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறுக்கு. கம்பி இழுக்கும் திசை போல்ட்டை இறுக்கும் திசையாக இருக்க வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகக் கட்டிவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக் கொள்வார்கள்!

லாக்டைட் பசை 1953-ல் வெர்னான் க்ரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் கண்டுபிடித்தது. காற்று படாத இடத்தில், உலோகத்துக்கு நடுவில்தான் இறுகும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் போட்டால் நம்ப முடியாது.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி, அந்த நட்டு உள்ளே எதற்கு இருக்க வேண்டும் என்பது. நட்டு உள்ளே இருந்தால் நட்டு விழும். அதை வெளியே வைத்து போல்ட் தலையை உள்ளே வைத்தால், நட்டு கழன்றதும் போல்ட் உள்ளே விழும். நட் ப்ளேட்டைப் பெட்டியின் வெளிப்பக்கம் ரிவெட் அடித்து, போல்ட்டையும் வெளியிலிருந்தே முடுக்கினால் இரண்டுமே உள்ளே போக வழியில்லை. மரையின் நுனி மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும். பாப் ரிவெட்டிலும் இந்தக் கணக்கு உண்டு. இழுத்தபின் உடைந்து மிஞ்சும் ஆணித் துண்டு மறுபக்கத்தில் தங்கும். அந்த மறுபக்கம் பெட்டியின் உட்புறமானால் அது உதிர்ந்து எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுத்தியால் அடிக்கும் முழு ரிவெட்டில் இந்தத் தொல்லை கிடையாது.

கட்டியவரே சான்றிதழ் பெற்று, ஆண்டுக்கொருமுறை தன் விமானத்தைத் தானே சோதிக்க அமெரிக்க விதி இடம் தருகிறது. தான் போட்ட முடிச்சைத் தானே பார்க்கும்போது கண் எதையும் பிடிக்காது. அதனால் விவரமானவர்கள் முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு கோடு வண்ண லாக்கர் இழுத்து வைப்பார்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். டார்ச் அடித்தால் போதும், ஸ்பேனர் வேண்டாம். பெட்டியைக் கழற்றும்போது எடுத்ததை எல்லாம் ஒரு தட்டில் எண்ணி வைக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது ஒரு வாஷர் குறைந்தால், அது கிடைக்கும்வரை அன்றைக்குப் பறப்பது கிடையாது.