ஐந்தாம் துண்டு

கைப்பை தைப்பது எழுதத்தக்க ஒரு காரியமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒரு பழஞ்சேலை, சிறிது கன்வஸ் துணி, ஒரு நூற்கட்டை. இவற்றைக் கொண்டு ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம் என்பதே எமது கணிப்பு. அந்தப் பிற்பகல் மூன்று வாரங்களாக நீண்ட கதையையே இங்கே சொல்ல வருகின்றோம்.

பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் எம் மகளுக்கு மடிக்கணினி வைக்க ஒரு பை வேண்டியிருந்தது. கடையில் வாங்கிய பையோ ஓராண்டிற்குள் தோல் உரிந்த பாம்பு போலாகிவிட்டது. "அம்மம்மாவின்ர சீலையில ஒன்று தைச்சுத் தாங்கோ, அம்மா" என்றாள். அம்மா காலமான பின்னர் அவருடைய தையல் இயந்திரமும் நான்கு நூற்சேலைகளும் எம்மிடம் வந்து சேர்ந்திருந்தன. கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் பழைய சிங்கர் இயந்திரம் அது. 1877 இல் கொழும்பிற் கடை திறந்த அந்நிறுவனத்தின் இயந்திரங்கள், பின்னாளில் யாழ்ப்பாணத்து வீடுகளிற் சீதனச் சாமான்களுள் ஒன்றாகவே இடம்பிடித்துக் கொண்டன. அம்மாவினதும் அவ்வாறு வந்ததே.

அவ்வியந்திரத்தின் இழுப்பறையிற் கொப்பிகளுக்கு உறை போடும் மண்ணிறக் கடதாசியில் வெட்டிய ஐந்து துண்டுகள் நூலாற் கட்டப்பட்டிருந்தன. மேலே, அம்மாவின் உருண்டையான எழுத்தில், "பை" என்று மட்டும் இருந்தது. எம் கண்கள் பனித்தன என்று எழுதினால் அது பொய்யாகும். வேலை சுலபமாயிற்று என்ற மகிழ்ச்சியே முதலில் உண்டாயிற்று.

கடதாசி மாதிரியின் பயனை அறியாதார் அதனைச் சோம்பேறியின் கைத்தடி என்பர். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் எபினேசர் பற்றரிக் என்னும் தையற்காரர், 1863 இல், பல அளவுகளில் வெட்டிய கடதாசி மாதிரிகளை விற்பனைக்கு விட்டார். தையலறிந்த ஒருவரின் கணக்கைத் தையலறியாத ஆயிரம் வீடுகளுக்கு அக்கடதாசி கொண்டு சென்றது. எங்களூர்ப் பெண்களோ கடையில் மாதிரி வாங்கியவர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையே அவர்களுக்கு மாதிரிக் கடதாசி. இப்பக்கத்தை வாசித்து முடித்தபின் வாசகர்களும் அவ்வாறு பயன்படுத்தலாம், எமக்கு வருத்தமில்லை. ஆயின், அச்சுமை வெள்ளைச் சீலையிற் பிடிக்கும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

முதற்றுண்டு பையின் உடல்: 15 அங்குல அகலம், 12 அங்குல உயரம். இரண்டாவது, பக்கங்களையும் அடியையும் சுற்றிவரும் பட்டி: 39 அங்குல நீளம், 3 அங்குல அகலம். மூன்றாவது, தோளில் மாட்டும் வார். அது கால்வாசியாக மடித்த கடதாசி. அதன்மேல் 52 என்று எழுதியிருந்தது. நான்காவது, சில்லறைக் காசு வைக்கும் உட்பை. ஐந்தாவது, 14 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் கொண்ட ஒடுங்கிய துண்டு. அதன் ஓரத்திற் புள்ளிக்கோடு ஒன்றும், "கை" என்ற ஒற்றைச் சொல்லும் இருந்தன. சட்டையின் கைத்துண்டு ஏதோ தவறி இக்கட்டினுள் வந்துவிட்டது என்று முடிவுசெய்து அதனை ஒதுக்கிவைத்தோம். 52 அங்குல வாரும் எமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. இவ்வளவு நீளத்தில் யார் பை மாட்டுவார்? 32 என்று எழுத நினைத்துக் கைபிசகியிருக்கும் என எண்ணி, 32 அங்குலமாகவே வெட்டினோம்.

சேலையில் கத்தரிக்கோலை வைப்பதற்கு இரண்டு நாள் தயங்கினோம். அது கபில நிறக் கைத்தறிச் சேலை. தலைப்பிற் கறுப்பும் மஞ்சளுமாய்க் கோடுகள். அத்தலைப்புப் பையின் முன்புறத்தில் வரவேண்டும் என்பது மகளின் விருப்பம். ஒரு சேலைக்குத் தலைப்பு ஒன்றுதானே! வெட்டிய பின் ஒட்டவைக்க இயலாது. மூன்றாம் நாள் பகலுணவு முடிந்த கையோடு, மனம் மாறுவதற்குள், வெட்டிவிட்டோம்.

வாரை மட்டும் பாவு நூல் ஓடும் திசையில் நீளமாக வெட்டினோம். ஊடைத் திசையில் வெட்டிய வார் பாரத்தில் இழுபட்டு நாளடைவில் தொங்கிப்போகும். உடலுக்கும் பட்டிக்கும் உள்ளே கன்வஸ் வைத்தோம். கன்வசும் சேலையுமாகத் தடித்த துணிக்கு 16 ஆம் இலக்க ஊசியே வேண்டும். அது கிடைக்கும்வரை 14 ஆம் இலக்கத்தால் தைத்து இரண்டு ஊசிகளை முறித்தோம். பட்டி மூலையில் திரும்பும் இடத்தில் அதன் ஓரத்தைச் சிறிது சிறிதாகக் கத்தரித்துவிடாவிட்டால் மூலை சுருங்கிக் கொள்ளும். வார் பையோடு சேருமிடத்தில் ஒரு சதுரமும் அதன் குறுக்கே பெருக்கல் குறியுமாகத் தைத்தோம். இவையெல்லாம் அம்மாவின் அருகில் இருந்து பார்த்த வேலைகள். கை தானாகவே செய்தது.

பையைப் புரட்டி எடுத்தோம். அழகாகவே இருந்தது. மடிக்கணினி உள்ளே போகவில்லை.

தையலுக்கென விடவேண்டிய அரை அங்குலத்தை அம்மா மாதிரியிற் சேர்க்கவில்லை. கடதாசியின் ஓரமே அவருடைய தையற்கோடு. கத்தரிக்கும்போது ஓரத்திற்கு வெளியே கண்ணளவாக விட்டு வெட்டுவது அவர் வழக்கம். ஆதலால் 15 அங்குலமாக நிற்கவேண்டிய பை, எம் கையில் 14 அங்குலமாக நின்றது. எத்தனையோ நாள் அவர் அருகில் இருந்து பார்த்தோம்; இதை மட்டும் பார்க்கவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு, கனடாவில் வாழும் எம் தமக்கையாருக்குத் துண்டுகளைப் படம் பிடித்து அனுப்பினோம். சிறிது நேரத்தில் தொலைபேசி மணி ஒலித்தது. "உதை எங்க கண்டெடுத்தனீ?" என்றார். பின்னர் வெகுநேரம் பேசவில்லை.

அப்பையை நாமும் கண்டிருக்கின்றோம். ஆயின் அதன் கதையை முழுவதும் அறிந்தோமல்லோம். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போர் மூண்டபோது எங்கள் குடும்பம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் தஞ்சம் புகுந்த பல்லாயிரவரோடு சேர்ந்து கொண்டது. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் அம்மா ஒரு பிஸ்கற் தகரத்திற் போட்டுக் கொண்டு ஓடினார். இரு கைகளாலும் தகரத்தைப் பற்றியிருந்தபடியால் பிள்ளைகளின் கையைப் பிடிக்க அவரால் இயலவில்லை. வீடு திரும்பிய பின்னரே அவர் இம்மாதிரியை வரைந்தார் என்று தமக்கையார் சொன்னார்.

52 என்பது கைபிசகு அன்று. ஒரு தோளில் மாட்டி, மார்புக்குக் குறுக்காக மறுபக்க இடுப்பில் விழுவதற்கான அளவு அது. அப்படி மாட்டினால் இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அந்தப் பை தமக்கையாரின் தோளிற் கிடந்தது. ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் எம்மையும் பிடித்திருந்தார்.

"பையைத் தோளால இறக்காதை, பிள்ளை எண்டு மட்டும் அம்மா சொன்னவ. உள்ளுக்கை ரெண்டு சட்டையும் ஒரு பாண் துண்டும்தான் கிடந்தது. ஏன் உப்பிடிச் சொல்லுறா எண்டு எனக்குக் கோவம்" என்றார் தமக்கையார்.

உறுதி ஐந்தாம் துண்டினுள் இருந்தது. நீளவாக்கில் மடித்துப் பொலித்தீனிற் சுற்றிய உறுதி கச்சிதமாக அடங்கும் அளவு அது. அத்துண்டு உட்துணியின் மறுபுறத்தில், வெளித்துணிக்கும் அதற்கும் இடையே தைக்கப்பட்டிருந்தது; பைக்குள் கைவிட்டுத் துழாவுபவருக்கு அகப்படாது. "கை" என்று எழுதியது சட்டைக் கையை அன்று, கைத்தையலை. புள்ளிக்கோட்டின் வழியே இயந்திரம் ஓடக்கூடாது. வேண்டும்போது நூலை அறுத்து எடுத்து, மீண்டும் கையால் தைத்து மூடிவிடலாம். சாவகச்சேரியில் ஒரு வீட்டுத் திண்ணையில், நூலை அம்மா பல்லாற் கடித்தறுத்தபோதே தமக்கையாருக்கு விடயம் தெரியவந்தது.

அந்தப் பை எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். 1996 இல் வீடு திரும்பிச் சில ஆண்டுகளின் பின், அடி கிழிந்ததும், அம்மாவே அதனைப் பிரித்து அடுப்படியிற் சட்டி இறக்கும் பிடிதுணியாக்கிவிட்டார். பொருள்களைப் பூசித்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. மாதிரியை மட்டும் ஏன் கட்டி வைத்தார் என்பது வேறு விடயம்.

எஞ்சிய சேலையில் இரண்டாவது பையை வெட்டினோம். தலைப்பு இல்லை, வெறுங் கபில நிறமே. இம்முறை ஓரமெங்கும் அரை அங்குலம் விட்டோம். வாரை 52 அங்குலமாகவே எடுத்தோம். ஐந்தாம் துண்டை வேண்டுமா என்று மகளிடம் கேட்டோம். உறுதியைப் படம் பிடித்துத் தொலைபேசியிலேயே வைத்திருக்கலாமே என்றாள். சரிதான். ஆனாலும், சற்றுப் பொறுத்து, "தையுங்கோ" என்றாள். வாயை அவளே கையால் தைத்து மூடினாள். தையல் சற்றுக் கோணல். உள்ளே ஒன்றும் இல்லை.

மாதிரிக் கடதாசியின் முதற்றுண்டில், அம்மாவின் எழுத்துக்குக் கீழே, "தையலுக்கு விடவில்லை, சுற்றிவர அரை அங்குலம் கூட்டுக" என்று பேனையால் எழுதி, ஐந்தையும் பழைய நூலாலேயே கட்டி இழுப்பறையில் வைத்தோம்.

தலைப்புப் போட்ட முதற்பை எம்மிடமே இருக்கின்றது. வார் குட்டை, கணினிக்கு ஆகாது. திருநெல்வேலிச் சந்தையிலிருந்து ஒரு கிலோ கத்தரிக்காயும் ஒரு பிடி முருங்கையிலையும் கொண்டுவருவதற்குத் தாராளமாகப் போதும்.