ஐசனாக்: பைபிள் பிறந்த மலை, பைபிளை வெட்டிய தெரு

ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஜெர்மனியின் துரிஞ்சியா மாநிலத்தில், காடு சூழ்ந்த சின்ன ஊர் ஐசனாக். இசைமேதை பாக் 1685-ல் பிறந்த ஊர். வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்ப்பது மலை உச்சியில் இருக்கும் வார்ட்பர்க் கோட்டையைத்தான்.

மூச்சு வாங்க ஏறினால், மரப்பலகை அடித்த ஒரு சிறிய அறை. 1521-ல் உயிருக்குப் பயந்து, தாடி வளர்த்து, பெயரையும் மாற்றிக்கொண்டு இங்கே ஒளிந்திருந்தார் மார்ட்டின் லூதர். சில வாரங்களிலேயே புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்துவிட்டார். எல்லாரும் இங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். (அதே லூதர் பிற்காலத்தில் யூதர்களுக்கு எதிராகக் கொடூரமாக எழுதினார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.)

1939 மே 6 அன்று இதே கோட்டையில் ஒரு விழா நடந்தது. திருச்சபை வாழ்வில் யூதச் செல்வாக்கை ஆராய்ந்து அகற்றுவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர் வால்டர் குருண்ட்மன், யேனா பல்கலைக்கழகப் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். 1930-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அறிஞர் என்பதில் சந்தேகமில்லை. உலகெங்கும் இறையியல் மாணவர்கள் புரட்டும் கிட்டெல் அகராதியில், 'நல்ல' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்கு விளக்கம் எழுதியவரே அவர்தான்!

நிறுவனம் இயங்கியது கீழே, போர்ன் தெருவில். 1940-ல் அங்கிருந்து புதிய ஏற்பாடு ஒன்று வெளிவந்தது. அதில் இயேசுவின் யூத வம்சாவளி இல்லை. அடுத்த ஆண்டு வந்த பாட்டுப் புத்தகத்தில் 'அல்லேலூயா'வும் இல்லை, எபிரேயச் சொல்லாயிற்றே! இயேசு யூதரே அல்ல என்று நிறுவ குருண்ட்மன் தனிப் புத்தகமே எழுதினார்.

1942 மே 9 அன்று ஐசனாக்கின் யூதர்கள் மூட்டை முடிச்சுகளுடன் வீதி வழியாக ரயில் நிலையத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். போலந்துக்குப் போன பயணம் அது. அந்த ஊர்வலத்தின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் இறங்குவதும் அதே நிலையத்தில்தான்.

போர் முடிந்ததும் குருண்ட்மனின் பேராசிரியர் பதவி போனது. நாஜிகளிடமிருந்து திருச்சபையைக் காக்கவே அப்படிச் செய்தோம் என்றார். அதையும் நம்ப ஆள் இருந்தது. ஐசனாக்கிலேயே சமயக் கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவரானார். மாற்கு, லூக்கா, மத்தேயு நற்செய்திகளுக்கு அவர் எழுதிய உரைகளைப் போதகர்கள் வாங்கிப் படித்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசுக்கு உளவும் சொன்னார். அங்கே அவருக்கு வைத்திருந்த பெயர் 'மலை'. 1976-ல் இறந்தார்.

2019 மே 6. நிறுவனம் தொடங்கி சரியாக 80 ஆண்டுகள். தாங்கள் வழிதவறிப் போனதை ஒப்புக்கொண்டு, திருச்சபைகள் போர்ன் தெருவில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தன. கோட்டைக்கு ஏறுகிற கூட்டம் அந்தப் பக்கம் வருவதில்லை. ஊருக்குள் லூதர் இல்ல அருங்காட்சியகத்தைப் பார்க்க வருகிறவர்கள், கொஞ்ச தூரம் கூடுதலாக நடந்தால் போதும்.