எந்தப் படம் போடுவது? (ஒரு பி.காம் புராஜெக்ட் புராணம்)

மூன்றாம் வருஷம் வந்தால் புராஜெக்ட்டும் வந்து தலைமேல் உட்காரும். ஏதாவது ஒரு தொழில் நடைமுறையைப் படமாக வரைந்து ஆராய வேண்டுமாம். பெரம்பூரில் இருந்துகொண்டு தலைப்புக்கு அலைவானேன்? அப்பா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஏற்றுமதிச் சரக்கு கம்பெனியில் கிளம்பி சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைகிற வரை வரைவது என்று முடிவு செய்தேன்.

முதலில் போட்டது, எல்லாருக்கும் தெரிந்த ஃப்ளோ சார்ட். காலிப் பெட்டி எடுப்பது, சரக்கு ஏற்றுவது, ஷிப்பிங் பில், மின்-சீல் (இது 2017-ல் வந்தது), எடைச் சான்று (இது 2016 முதல் கட்டாயம்), கடைசியில் துறைமுக கேட். நடுவில் "பேப்பர் சரியா?" என்று ஒரு டைமண்ட். பார்த்து நானே அசந்துபோனேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் சரிடா. ராத்திரி பூரா வண்டியிலயே கெடந்தேனே, அது இதுல எங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. அது இரண்டு கட்டத்துக்கு நடுவே இருக்கிற அரை இஞ்ச் அம்புக்குறிக்குள் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1921-ல் கில்பிரெத் தம்பதி 'புராசஸ் சார்ட்' என்று ஆரம்பித்து வைத்த முறை வளர்ந்து, 1947-ல் அமெரிக்க எந்திரவியல் பொறியாளர் சங்கம் குறியீடுகளை வகுத்தபோது தாமதத்துக்கென்றே தனிக் குறி இருந்தது. நாங்கள் வகுப்பில் படித்த ஃப்ளோ சார்ட்டில் அது இல்லை!

அடுத்து ஸ்விம்லேன். நீச்சல் குளத்தில் கோடு போட்ட மாதிரி ஆளுக்கு ஒரு பாதை: ஏற்றுமதியாளர், கிளியரிங் ஏஜென்ட், கஸ்டம்ஸ், கப்பல் கம்பெனி, டிரைவர். வரைந்து முடித்தால் டிரைவர் பாதை கிட்டத்தட்ட காலி. பேப்பர் மற்றவர்கள் பாதையில்தான் சுற்றுகிறது. யார் கையில் வேலை நிற்கிறது என்று பளிச்சென்று தெரிந்தது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்றுதான் தெரியவில்லை.

பி.பி.எம்.என். பக்கமும் போனேன். 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரமாகவே ஆகிவிட்ட முறை. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு அருமை. அதன் குறியீடுகளை அப்பாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் அடுத்த டிரிப் வந்துவிடும்.

கடைசியில் சிக்கியது, டொயோட்டா வழியில் வந்த வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங். படத்துக்கு அடியில் மேடு பள்ளமாக ஒரு கோடு போகும். மேட்டில் காத்திருந்த நேரம், பள்ளத்தில் வேலை நடந்த நேரம். அப்பா டைரியில் நேரம் குறித்து வைக்கிற ஆள். ஒரு டிரிப்பை எடுத்துப் போட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பகல் 2.30-க்குக் கிளம்பி, 5.40-க்கு ஒரு பார்க்கிங் யார்டு. பேப்பரில் சீல் நம்பர் ஒரு எழுத்து தப்பு. ஏஜென்ட் ஆபீஸ் மூடியாச்சு. திருத்தம் மறுநாள் காலை 9.30-க்கு. 10.10-க்கு துறைமுகத்துக்குள். (எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் அன்றைக்கு வரிசை இல்லை, அதிசயம்!) மொத்தம் 19 மணி 40 நிமிஷத்தில் சக்கரம் உருண்டது 3 மணி 50 நிமிஷம். திருத்தத்துக்கு ஆனது பத்தே நிமிஷம்.

ஒரு டிரிப்பை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது இல்லையா? டைரியில் முழுசாக நேரம் இருந்த டிரிப் 11 தேறியது. அதில் 7 பேப்பருக்காக நின்றவை. இந்த முறை தொழிற்சாலைக்குள் ஒரே மாதிரி நடக்கும் வேலைக்காக வந்தது. ரோட்டில் ஒவ்வொரு டிரிப்பும் ஒரு தினுசு. அதனால் ஸ்விம்லேனை மேலே போட்டு, நேரக்கோட்டை மட்டும் கடன் வாங்கி அடியில் ஒட்டினேன். "இப்படிக் கலக்கலாமா?" என்று சார் முகம் சுளித்தார். கேள்வியே இரண்டாக இருக்கும்போது ஒரு படம் எப்படிப் போதும்?

அப்பாவுக்கு டிரிப்புக்குத்தான் காசு, காத்திருப்பதற்குக் கிடையாது. கேட்டால், "எங்கயாவது ஓரங்கட்டித் தூங்கியிருப்ப" என்பாராம் ஓனர். நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பா கேட்டார்: "அந்த மேடு பள்ளம் போட்ட பேப்பர் இருக்கே, அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஓனரைப் பார்க்கப் போகிறார்.