உறையும் நேரம்

மெழுகுதிரியை உவமையாக எடுத்தாளாத மறையுரை அரிது. தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தருவது மெழுகுதிரி என்று பங்குத்தந்தை முதல் பேச்சுப் போட்டிக்கு வந்து நிற்கும் பள்ளிச் சிறுவன் வரை எல்லாரும் சொல்லியிருக்கின்றனர். உண்மைதான். ஆயினும் அது மெழுகுதிரியின் பிற்பகுதி வாழ்வு. உருகி ஒளிதரும் முன்னர் அது ஒருமுறை உருகி, ஊற்றப்பட்டு, உறைந்து, தனக்கென ஒரு வடிவம் பெற்றிருக்க வேண்டும். எரிவதைப் போற்றுகின்ற நாம் உறைவதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை.

என்னை எண்ண வைத்தவர் என் அக்கா. அத்தானின் மறைவுக்குப் பின், கல்லூரியில் பயிலும் இரு பிள்ளைகளோடு கண்டாச்சிபுரத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தார். தையல் வேலையில் கிடைத்தது போதவில்லை. நான்கு ஆண்டுகளாகக் கண்ணாடிக் கிண்ணங்களில் சோயா மெழுகை ஊற்றித் திரி செய்து விற்கிறார். விடுமுறை நாள்களில் நான் கைகொடுப்பதுண்டு. அந்தப் பின்கட்டில் நான் கற்றவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

திருச்சபையின் வழிபாட்டில் நெடுங்காலம் தேன்மெழுகுக்கே முதலிடம். பாஸ்கா திருவிழிப்பில் பாடப்படும் புகழுரையின் இலத்தீன் மூலம் தேனீக்களின் உழைப்பை நினைவுகூர்கிறது. பாஸ்கா திரி பெரும்பகுதி தேன்மெழுகாலேயே ஆகியிருக்க வேண்டும் என்று 1904-இல் உரோமையின் வழிபாட்டுப் பேராயம் விதித்தது. பாஸ்கா விழாக்களைக் குறித்து 1988-இல் வெளிவந்த சுற்றுமடலும், அத்திரி மெய்யான மெழுகினால் ஆனதாய் இருக்க வேண்டும், போலியாய் இருத்தலாகாது என்று வலியுறுத்தியது. ஆனால் தேன்மெழுகு ஏழைக்கு எட்டாத பொருள். எனவே ஏழைகளின் இல்லங்களில் விலங்குக் கொழுப்பாலான திரிகளே புகைந்து எரிந்தன. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரோல் கொழுப்பைப் பகுத்து ஆராய்ந்ததன் பயனாய் ஸ்டியரின் திரிகள் தோன்றின. பின்னர்ப் பெட்ரோலியத்திலிருந்து பாரபின் வந்தது. இன்று நாம் கடையில் வாங்கிக் கல்லறைத் திருநாளில் ஏற்றும் திரிகளில் பெரும்பாலானவை பாரபினே.

சோயா மெழுகு இவ்வரிசையில் கடைக்குட்டி. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பார், விலையுயர்ந்த தேன்மெழுகுக்கு மாற்றுத் தேடியபோது உருவாக்கியது. சோயா எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்து அதைக் கட்டியாக்கினால் இம்மெழுகு கிடைக்கும். இது நமக்குப் புதிய வித்தை அன்று. 1937 முதல் நம் நாட்டுக் கடைகளில் விற்ற டால்டாவும் தாவர எண்ணெயை இவ்வாறு உறையச் செய்ததுதான். மல்லாட்டை விளையும் எங்கள் மண்ணில் இதை விளக்குவது எளிது. "டால்டாவோட தங்கச்சி" என்று அக்கா அண்டை வீட்டாருக்குச் சொல்லி முடித்துவிடுவார்.

உறவு அத்துடன் நிற்பதில்லை. கொழுப்புக்கு உரிய குணங்கள் அனைத்தும் இம்மெழுகுக்கும் உண்டு. பாரபின் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். சோயா மெழுகு பிடிவாதக் குழந்தை. உறைந்தபின் மேலே குண்டும் குழியுமாய் நிற்கும். நூல்திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் பட்டாற்போல் திட்டுகள் தெரியும். நாள் செல்லச் செல்ல வெண்பனி படர்ந்தாற்போல் பூ பூக்கும். வழுவழுப்பான, மாசற்ற பரப்பு வேண்டுமென்றால் ஒவ்வொன்றின் காரணத்தையும் அறிந்து நடக்க வேண்டும்.

அக்காவின் முறை இதுதான். மெழுகுச் சீவல்களை நேரடியாக நெருப்பில் வைப்பதில்லை. வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் சிறிய பாத்திரத்தை இறக்கி, அதில் உருக்குகிறார். வெப்பமானி 80 பாகை காட்டியதும் இறக்கிவிடுவார். நறுமண எண்ணெய் வேண்டுமாயின் அப்போதே சேர்த்து, 100 கிராம் மெழுகுக்கு 6 கிராம் என்ற அளவில், இரண்டு நிமிடம் மெல்லக் கலக்குவார். வேகமாய்க் கலக்கினால் காற்று உட்புகும். அக்காற்றே பின்னர்க் குமிழியாகவும் குழியாகவும் வெளிப்படும்.

அதன்பின் காத்திருத்தல். சூடான மெழுகை அப்படியே ஊற்றுவோருக்குத்தான் பெரும்பாலும் குழி விழுகிறது. மிகுந்த சூட்டில் ஊற்றிய மெழுகு ஆறும்போது விளிம்பில் முதலில் உறைந்து, நடுப்பகுதி கடைசியில் சுருங்குகிறது, அச்சுருக்கம் பள்ளமாகிறது. 55 முதல் 60 பாகைக்குள் இறங்கும்வரை அக்கா பாத்திரத்தைத் தொடமாட்டார். அந்த நிலையில் தெளிந்த எண்ணெய் போலிருந்த மெழுகு சற்றே மங்கத் தொடங்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகள் தோன்றிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். அவை பின்னர் உறையும் மெழுகுக்கு வித்தாக அமைவதால், பரப்பு ஒரே சீராய் உறைகிறது. மெழுகுக்கு மெழுகு இந்த வெப்பநிலை சற்று மாறும். ஒவ்வொரு புதிய மூட்டைக்கும் இரண்டு கிண்ணங்களை முன்னோட்டமாக ஊற்றிப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வார்.

கண்ணாடிக் கிண்ணங்கள் கழுவித் துடைக்கப்பட்டு, அடுப்பருகே வெதுவெதுப்பாகக் காத்திருக்கும். குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் மெழுகு சட்டென்று உறைந்து, சுருங்கி, சுவரை விட்டு விலகும். அந்த இடைவெளியே ஈரத்திட்டு போலத் தெரிகிறது. மண் அகலில் ஊற்றுவோரும் உண்டு. பூச்சு இல்லாத மண் மெழுகைக் குடித்துவிடும் என்பதால் அக்கா அதை விரும்புவதில்லை. நூல்திரியை நடுவில் நிறுத்த, கிண்ணத்தின் வாயில் குறுக்கே இரண்டு ஈர்க்குச்சிகள். மெல்லிய ஒழுக்காக, இடையில் நிறுத்தாமல் ஊற்றுவார். கிண்ணங்கள் தண்ணென்ற சிமெண்டுத் தரையில் அல்ல, மரப்பலகையின் மேல், நான்கு விரற்கடை இடைவெளி விட்டு நிற்கும்.

பிறகு மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்திவிடுவார். காற்று பட்டால் ஒருபுறம் முந்தி உறையும். கண்டாச்சிபுரத்தின் சித்திரை வெயிலில் விசிறியின்றி அமர்வது ஒரு தவம்! அந்நாள்களில் பகல் வெப்பம் 40 பாகையைத் தொடும்போது, ஏறத்தாழ 50 பாகையில் உருகும் இம்மெழுகு முழுதும் இறுகாமல் தளர்ந்தே கிடக்கும். ஆகவே கோடையில் அவரது வேலை விடியற்காலை 4 மணிக்கு. மார்கழியில் மட்டும் நேரம் அவர் விருப்பம். மேற்பரப்பு அப்படியும் கரடுமுரடாக நின்றால், தலைமுடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றை மெதுவாகக் காட்டினால் மேல்தோல் மட்டும் உருகிச் சமனாகிவிடும். உறைந்தாலும் உடனே விற்பதில்லை. இரண்டு வாரம் மூடி வைப்பார். மெழுகின் மணிகள் தம்முள் அடங்கி, மணமும் மெழுகோடு ஒன்றிப் போவதற்கு அந்தக் காலம் தேவை.

இத்தனைக்கும் அடங்காத ஒன்று உண்டு. அதுதான் அந்த வெண்பூ. கொழுப்பின் மூலக்கூறுகள் உறைந்த பின்னும் ஓய்வதில்லை. வெப்பம் ஏறி இறங்கும்போது அவை தமக்கு வசதியான வேறோர் அடுக்கில் மீண்டும் அமர்கின்றன. அந்தப் பெரிய மணிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மையாய்த் தெரிகின்றன. நாள்பட்ட சாக்லேட்டின் மேல் படரும் வெளுப்பும் இத்தகையதே. பொறுமையால் இதைக் குறைக்கலாம். முற்றிலும் ஒழிக்க இயலாது. நிறமற்ற திரியில் அது கண்ணுக்குத் தெரியாது. அடர்ந்த நிறத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

ஒரு திருவருகைக் காலத்துக்கு முன், நகரத்துக் கடைக்காரர் ஒருவர் 24 தொகுப்புகள் கேட்டிருந்தார். தொகுப்புக்கு மூன்று ஊதா, ஒரு ரோசா நிறம். ஒரு மாத உழைப்பு. தம்பி மகன் போல் நான் பார்க்கும் இளைய பிள்ளையின் கட்டணம் அந்தத் தொகையை நம்பியிருந்தது. அனுப்பும்போது ஊதாக் கிண்ணங்கள் பட்டுப்போல் இருந்தன. பத்தாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தன. "பூஞ்சக் காளான் பூத்த மாதிரி இருக்குதும்மா, யாரு வாங்குவா?" என்பது அவர் சொன்ன காரணம். அவரைக் குறை சொல்ல முடியாது. வாங்குவோர் கண்ணைத்தானே அவர் நம்பியிருக்கிறார்.

இதே தொழிலில் உள்ள இளைஞர் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார். "பாதிக்குப் பாதி பாரபின் போட்டுடுங்கக்கா. கண்ணாடி மாதிரி நிக்கும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். பாரபின் கலப்பது பாவம் அன்று. கலந்ததைச் சொல்லி விற்போர் பலர் இருக்கின்றனர். ஆனால் எங்கள் கிண்ணங்களில் 'முழுவதும் சோயா மெழுகு' என்று எழுதி ஒட்டியிருந்தது. அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பின், "அந்தச் சீட்டை எழுதி ஒட்டுற கை என்னோடதாச்சே, தம்பி" என்றார். கட்டணத்துக்கு அவர் கைவளையல் ஒன்று அடகுக்குப் போயிற்று.

அன்றிரவு எனக்கு மலாக்கி இறைவாக்கினரின் நினைவு வந்தது. குருடும் முடமுமான விலங்குகளைப் பலிக்குக் கொண்டுவந்தோரை அவர் கடிந்துகொண்டது நாம் அறிந்ததே. ஆனால் அவர் கண்டித்தது விலங்கின் ஊனத்தையா? நல்ல கிடாய் மந்தையில் இருக்க, அதை நேர்ந்துகொண்டு, குறையுள்ளதைக் கொண்டுவந்து நிறுத்திய வஞ்சகத்தை அல்லவா! மாசு பொருளின் மேல் இருப்பதற்கும் கொடுப்பவரின் கணக்கில் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. பாரபின் கலந்த கிண்ணம் பளபளப்பாகத்தான் இருந்திருக்கும். அதன் மாசு அந்தச் சீட்டில் இருந்திருக்கும்.

இன்னொன்றும் தோன்றியது. நம் வீடுகளில் வெண்ணெய் காய்ச்சி நெய் இறக்கி, மெல்ல ஆறவிடுகிறோம். மறுநாள் அது மணல் மணலாக உறைந்திருந்தால், "நல்ல நெய்" என்று மகிழ்கிறோம். அந்த மணலும் இந்த வெண்பூவும் கொழுப்பு மணியாக உறைவதன் விளைவுகளே. நெய்யில் அதைத் தரம் என்கிறோம். மெழுகில் அதையே குறை என்கிறோம். இப்படி எத்தனை மனிதர்களின் இயல்பை நாம் குறையென்று எழுதி வைத்திருக்கிறோமோ!

ஆயினும், இயல்பு என்று சொல்லிக் கைகட்டி இருந்துவிடவில்லை அக்கா. திரும்பி வந்த கிண்ணங்களை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார்; ஏற்றிய அரைமணியில் வெண்பூ உருகிய மெழுகில் கலந்து மறைவதை அவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டு மெழுகுக்கு நிறமே சேர்க்கவில்லை. நிறமற்ற வெண்திரியை ஊற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஊதா, ரோசா நாடாக்களைக் கட்டினார். 'மேலே வெண்மை படர்வது இம்மெழுகின் இயல்பு' என்று சீட்டில் ஒரு வரி கூடுதலாய் எழுதினார். நகரத்துக் கடைக்காரர் மீண்டும் கேட்கவில்லை. வேறு மூன்று இடங்களில் கேட்கிறார்கள், சற்றுக் குறைவாக. வளையல் மீண்டுவிட்டது.

வாங்குவோரிடம் அக்கா தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. வார்ப்பவரின் கையில் பாதி வேலைதான்; மீதி ஏற்றுபவரின் கையில். நூல்திரியைக் கால் அங்குலமாக நறுக்கிவிட்டு ஏற்றுங்கள். முதன்முறை ஏற்றும்போது, மேற்பரப்பு விளிம்புவரை உருகும் மட்டும் அணைக்காதீர்கள். இரண்டு அங்குல வாயுள்ள கிண்ணத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அணைத்தால், அடுத்த முறையும் அது நடுவில் மட்டுமே குழிந்து எரியும். ஓரத்து மெழுகு வீணாய் நிற்கும். ஆகவே முதல் நாள் செபமாலை முடிந்ததும் ஊதிவிட வேண்டாம். பிள்ளைகள் சாப்பிட்டு எழும் வரை அது எரிந்துகொண்டிருக்கட்டும்.