பார்த்திராத நண்பர்

என் எழுத்து மேஜைக்கு மேலே பரணில் ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. காலமாகிவிட்ட நண்பர் ஒருவருடைய கதைகள் அவை. அவருடைய மனைவி அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "உங்களுக்குத்தான் நாலு பேரைத் தெரியுமே, அண்ணா! எப்படியாவது புத்தகமாகப் போட்டுவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். "ஆகட்டும், அம்மா" என்றேன். ஏழு வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பரணைப் பார்க்க நேரும்போதெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் ஆகஸ்ட் டெர்லெத் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். அதிலிருந்து மனசு சரியாக இல்லை.

டெர்லெத் 1909-ல் விஸ்கான்ஸின் மாநிலத்தில், ஸாக் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே கதை எழுதி அனுப்புவதும், அவை திரும்பி வருவதுமாக இருந்தார். 1926-ல், 17 வயதில், அவருடைய முதல் பேய்க் கதை 'வியர்ட் டேல்ஸ்' என்ற பத்திரிகையில் வெளியாயிற்று. அதே பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர் எச். பி. லவ்கிராஃப்ட். அந்த வருஷமே இருவருக்கும் கடிதப் போக்குவரத்து ஆரம்பித்தது. சிறுவனின் கதைகளை மூத்தவர் படித்தார், திருத்தினார், தட்டிக் கொடுத்தார். 11 வருஷங்கள் எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஒரு தடவைகூட நேரில் சந்தித்ததில்லை!

1937 மார்ச்சில் லவ்கிராஃப்ட் இறந்தார். வயது 46. கடைசி வரையில் வறுமை. அவருடைய கதைகளைத் திரட்டி வெளியிடப் பெரிய பதிப்பாளர் எவரும் அதுவரை முன்வந்ததில்லை. டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரே என்ற மற்றொரு நண்பரும் அந்தக் கதைகளைத் தொகுத்தார்கள். நியூயார்க் பதிப்பாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். வேண்டாம் என்ற பதிலே கிடைத்தது.

அந்த இடத்தில் நானாக இருந்தால், "என்னால் ஆனதைச் செய்துவிட்டேன்" என்று திருப்தியாகத் தூங்கியிருப்பேன். டெர்லெத் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அதற்காக வாங்கிய பாங்கிக் கடனில் ஒரு பகுதியை எடுத்து அச்சுக்குக் கொடுத்தார். லவ்கிராஃப்ட் தம் கதைகளில் கற்பனை செய்த ஊரின் பெயரையே வைத்து, 1939-ல் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்ற பதிப்பகம் பிறந்தது. முதல் புத்தகம் 1,268 பிரதிகள். விலை 5 டாலர். அவ்வளவும் விற்றுத் தீர நாலு வருஷம் பிடித்தது.

கையைக் கடித்தும் மனிதர் விடவில்லை. ராபர்ட் பிளாக்கின் முதல் கதைத் தொகுதியை 1945-லும், ரே பிராட்பரியின் முதல் புத்தகத்தை 1947-லும் வெளியிட்டது அதே பதிப்பகந்தான். லவ்கிராஃப்டின் கடிதங்களும் 1965 முதல் தொகுதி தொகுதியாக வரத் தொடங்கின. இதற்கு நடுவில் அவரும் 100-க்கு மேல் புத்தகங்கள் எழுதினார். பேய்க் கதைகள் கைச் செலவுக்கு. அவருடைய லட்சியமெல்லாம் சொந்த ஊரின் வாழ்க்கையை வரிசையான நாவல்களில் சொல்லிவிட வேண்டுமென்பது. 1971-ல் இறந்தார். இன்று உலகம் அவரை நினைப்பது அந்த நாவல்களுக்காக அல்ல, நண்பரைக் காப்பாற்றியதற்காக.

ஆனால் அவர் மீது ஒரு பழியும் உண்டு. லவ்கிராஃப்ட் விட்டுப்போன சில குறிப்புகளையும் துண்டுகளையும் வைத்துக்கொண்டு தாமே கதைகள் எழுதி, இருவர் பெயரையும் போட்டார். 1945-ல் வந்த ஒரு நாவலில் சுமார் 50,000 சொற்கள். அவற்றில் லவ்கிராஃப்ட் எழுதியவை ஏறத்தாழ 1,200 தானாம்! அதோடு நிற்கவில்லை. மனிதனை ஒரு பொருட்டாகவே மதிக்காத பிரபஞ்சத்தைக் கண்டு நடுங்கியவர் லவ்கிராஃப்ட். அதை நல்ல தெய்வங்களுக்கும் கெட்ட தெய்வங்களுக்கும் நடக்கிற சண்டையாக டெர்லெத் மாற்றிவிட்டார் என்று விமரிசகர்கள் இன்றும் கோபிக்கிறார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பரணில் இருக்கும் கட்டில், கடைசிக் கதை பாதியில் நின்றுபோயிருக்கிறது. கோயில் குளத்துப் படியில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒரு பையன் ஏதோ கேட்க வாயைத் திறக்கிறான். அவ்வளவுதான். என்ன கேட்டான் என்று நான் ஏழு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது. நண்பரின் நடையில் இருப்பதாக நானே மெச்சிக்கொண்டேன். இத்தனை நாள் தாமதத்துக்குப் பதிப்பாளர்களைக் குறை சொல்லி வந்தேனே, உண்மை வேறு. அவர் கதையை அவர் கதையாக மட்டும் வெளியே விட எனக்கு மனம் வரவில்லை. அதில் என் கையும் தெரிய வேண்டுமென்று ஆசை.

டெர்லெத்தின் குறை என்னிடம் அப்படியே இருந்தது. கடன் பணத்தை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொட்டிய மனசுதான் இல்லை.

நேற்றுப் பரணிலிருந்து கட்டை இறக்கினேன். என் ஏழு பக்கங்களைத் தனியே எடுத்துக் கிழித்தேன். கிழிக்கும்போது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன்? மாடி அறை கட்ட வைத்திருக்கும் பணத்தில் 300 பிரதி போடலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். "மாடி எங்கே போய்விடப் போகிறது?" என்றாள் என் மனைவி.

கடைசிக் கதை, பையன் வாயைத் திறக்கும் இடத்திலேயே நிற்கும். அந்த அம்மாளுக்கு இன்று காலையில் கடிதம் போட்டுவிட்டேன்.