இது யாருடைய சபை?

தியானப் பகுதி: மத்தேயு 16:13-25



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலையில், விஸ்வநத்தத்தில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு சகோதரர் ஆலய வாசலில் வந்து நின்றார். பட்டாசு ஆலைத் தொழிலாளி. கைகளில் அலுமினியப் பவுடரின் வெள்ளிப்பூச்சு இன்னும் போகவில்லை. தாயார் காலமாகிவிட்டதாகவும், கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமென்றும் கேட்டார். நான் முதலில் செய்தது, சபைப் பதிவேட்டைப் புரட்டியதே. பெயர் இல்லை, சந்தாவும் இல்லை. "கமிட்டியாரைக் கேட்டுச் சொல்லுகிறேன்" என்றேன். அவர் கோபப்படாமல் கேட்டார்: "ஐயா, இது யாருடைய சபை?"

அன்றிரவே கமிட்டியார் கூடி இடம் கொடுத்தார்கள். மறுநாள் அடக்க ஆராதனையும் நடந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை.

பிலிப்பு செசரியா எர்மோன் மலையடிவாரத்தில் இருந்த பட்டணம். பான் என்னும் கிரேக்க தெய்வத்துக்கு அங்கே ஒரு குகை இருந்தது. அகஸ்து இராயனுக்கு ஏரோது கட்டிய கோயில் அந்தப் பகுதியில் நின்றது. அவன் மகன் பிலிப்பு, இராயனுடைய பெயரையும் தன் பெயரையும் பட்டணத்துக்குச் சூட்டினான். மனிதர் தங்கள் பெயர்களைப் பொறித்துவைத்த அந்த இடத்திலேதான், தாம் யார் என்று இயேசு சீஷர்களிடம் கேட்டார். யோவான் ஸ்நானன், எலியா, எரேமியா என்று ஜனங்கள் சொன்ன யாவும் மேன்மையான பெயர்களே. ஆனால் ஒன்றும் போதுமானதல்ல. பேதுருவோ அவரை மேசியா என்று அறிக்கையிட்டான். கல் என்பது பேதுருவா, அவன் அறிக்கையா என்று வேத அறிஞர்கள் வாதிடலாம். சபை யாருடையது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. ஆண்டவர் அதை "என் சபை" என்றார்.

நம் பகுதியின் வரலாறும் இதையே போதிக்கிறது. 1854இல் தாமஸ் ராக்லாந்து ஐயர், ஃபென், மெடோஸ் என்னும் உடன் ஊழியருடன் கூடாரங்களில் தங்கி, வடதிருநெல்வேலிக் கிராமங்களில் சுவிசேஷம் அறிவித்தார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியிலேயே மரித்தார். நம் சபைகள் உபயக் கல்வெட்டுகளோடு அல்ல, ஓர் அறிக்கையோடு தொடங்கின.

பேதுருவின் கதை அறிக்கையோடு முடியவில்லை. மேசியா பாடுபடுவார் என்றதும் அவன் தடுத்தான், கடிந்துகொள்ளப்பட்டான். பட்டத்தை அறிந்தவன் சிலுவையை அறியவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உதவிசெய்ய ஓடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். புகையைக் கண்டு விலகாமல் அதை நோக்கி ஓடுகிற அன்பு இருக்கிறதே, நம் மேசியாவின் அன்பு அத்தகையது. அவர் நம் மரணத்துக்குள்ளே நடந்து வந்தார். பதிவேடு தேவைதான், ஆனால் துக்கத்தோடு வருகிறவனுக்கு முன் அதைத் திறக்கிற சபை, பேதுருவைப் போலவே, அவரைப் பாதிதான் அறிந்திருக்கிறது.

அன்பானவர்களே, வரும் ஞாயிறன்று உங்கள் வழக்கமான இருக்கையில் அமருமுன் வாசலைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். அங்கே தயங்கி நிற்பவர், இது யாருடைய சபை என்பதை உங்கள் முகத்தில் வாசிப்பார்.

ஜெபம்: ஆண்டவரே, உம்முடைய சபையை எங்களுடையது என்று எண்ணினதை மன்னியும். சிலுவை சுமக்கும் மேசியாவாக உம்மை அறிந்துகொள்ள எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.